வழுவா, வழுவமைதியா?

(ஆங்கில ஆசிரியர்கள் கூடிய அரங்கு ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2009ஆம் ஆண்டு ஜனவரி 20. பராக் ஒபாமா அமெரிக்க அதிபராகப் பதவியேற்கிறார். உறுதிமொழியைச் சொல்லிக்கொடுப்பவர் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ். வாசகம் அரசமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. மொத்தம் 35 சொற்கள். ‘ஐ வில் ஃபெய்த்ஃபுலி எக்ஸிக்யூட்’ என்று வர வேண்டிய இடத்தில், ‘ஃபெய்த்ஃபுலி’ என்ற சொல்லைத் தூக்கித் தொடரின் கடைசியில் போட்டுவிட்டார் நீதிபதி. ஒபாமாவுக்கு வாசகம் தெரியும். ஒரு கணம் நிறுத்தினார். கடைசியில் சொல் இடம் மாறியபடியே உறுதிமொழி முடிந்தது. நாளைக்கு யாராவது ‘இந்தப் பதவியேற்பு செல்லாது’ என்று கிளம்பிவிடக் கூடாதே என்பதற்காக, மறுநாள் வெள்ளை மாளிகையில் இன்னொரு முறை உறுதிமொழி எடுத்தார்கள்.

ஏன் இந்தத் தடுமாற்றம்? மொழியியலாளர் ஸ்டீவன் பிங்கர் ஒரு ஊகம் சொன்னார். ராபர்ட்ஸ் இலக்கணத்தில் கறாரானவர். துணைவினைக்கும் வினைக்கும் நடுவில் வேறு சொல்லை நுழைக்கக் கூடாது என்று ஒரு பள்ளிக்கூட விதி உண்டு. அது அவருக்குள் அவ்வளவு ஊறியிருந்ததால், தம்மை அறியாமலேயே அரசமைப்புச் சட்டத்தைத் ‘திருத்தி’விட்டார் என்றார் பிங்கர். ஊகம் சரியோ தவறோ, அதிலுள்ள வேடிக்கை ஒன்றுதான்: அப்படி ஒரு விதி ஆங்கிலத்தில் இருந்ததே இல்லை.

இல்லாத விதிக்கு அஞ்சி நடப்பவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாணவனுடைய விடைத்தாளில் ‘வித்’ என்ற சொல்லில் முடிந்த வாக்கியத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு ஒரு மதிப்பெண் குறைத்தேன். அவன் தாளோடு வந்து நின்றான். “இது ஏன் சார் தப்பு?” “ரூல் அப்படி.” “யார் சார் போட்ட ரூல்?” எனக்குப் பதில் தெரியவில்லை. “போய் உட்காருப்பா” என்று அனுப்பிவிட்டேன். அவன் உட்கார்ந்துவிட்டான், கேள்வி உட்காரவில்லை. அதற்குப் பதில் தேடியபோது கிடைத்தவற்றைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

ஆங்கிலம் பேசும் நாடுகளில் அடுத்தவர் ஆங்கிலத்தைப் பற்றிக் குறைப்படுவது ஒரு பழைய பொழுதுபோக்கு. பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவார்கள், சங்கம் வைப்பார்கள், புத்தகம் போடுவார்கள். இந்தச் சண்டையில் இரண்டே கட்சி. ஒரு கட்சி ‘விதி என்றால் விதி’ என்கிறது. மறு கட்சி ‘மக்கள் எப்படிப் பேசுகிறார்களோ அதுவே மொழி’ என்கிறது. ஒன்றில் எல்லாமே சரி அல்லது தவறு. மற்றொன்றில் எதுவுமே தவறில்லை. நடுவில் நிற்க இடம் கிடையாது.

அந்த இடத்தை நம் இலக்கணம் எப்போதோ கண்டுவிட்டது. இலக்கணப்படி அமைந்தது வழாநிலை. அமையாதது வழு. இலக்கணப்படி அமையாவிட்டாலும், ஒரு காரணம் பற்றிப் பெரியோர் ஏற்றுக்கொண்டது வழுவமைதி. வீட்டுப் பசுவைப் பார்த்து “லட்சுமி வந்துட்டா” என்கிறோம். அஃறிணைக்கு உயர்திணை வினை. மகளைப் பார்த்து “வாடா கண்ணா” என்கிறோம். பெண்பாலுக்கு ஆண்பால் விளி. இரண்டும் வழுதான். ஆனால் அன்பு என்ற காரணம் இருக்கிறது, அமைத்துக்கொள்கிறோம். விதியும் உடையவில்லை, பேசுபவரும் குற்றவாளி ஆகவில்லை. இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு போய் ஆங்கிலச் சண்டைகளை அளந்து பார்த்தால் என்ன? அளந்தபோது எனக்கு முதலில் அகப்பட்டது, மூன்றிலும் அடங்காத ஒரு வகை. வழுவே இல்லாததை வழு என்று சொல்லி அடித்தது. அதிலிருந்து தொடங்குகிறேன்.

என் மாணவனின் ‘வித்’. ஆங்கிலத்தில் ‘இன்’, ‘டு’, ‘வித்’ போன்ற முன்னிடைச்சொற்கள் பெயருக்கு முன்னால் வரும். “யாரிடம் பேசுகிறாய்?” என்பதை ஆங்கிலேயர் இயல்பாகக் கேட்பது ‘ஹூ ஆர் யூ டாக்கிங் டு?’ என்றுதான். ‘டு’ கடைசியில் தொங்குகிறது. இது குற்றம் என்று 1672இல் அச்சில் சொன்னவர் கவிஞர் ஜான் டிரைடன். அவர் குறை கண்டது, இறந்து முப்பத்தைந்து ஆண்டுகளான நாடகாசிரியர் பென் ஜான்சனிடம். தம் எழுத்திலும் அதே குறை இருப்பதை அண்மையில்தான் கவனித்ததாக டிரைடனே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதோடு விடவில்லை. 1668இல் தாம் வெளியிட்ட நாடகக் கட்டுரை 1684இல் மறுபதிப்பானபோது, கடைசியில் தொங்கிய முன்னிடைச்சொற்களைத் தேடித் தேடி முன்னால் நகர்த்தினார். காரணம் என்ன? சொல்லவில்லை. லத்தீன் படித்த காது அவருக்கு. லத்தீனில் அப்படி வராது என்பதே காரணமாக இருக்கலாம்.

1762இல் ராபர்ட் லௌத் ஓர் ஆங்கில இலக்கணச் சிறுநூல் எழுதினார். பின்னாளில் லண்டன் பிஷப் ஆனவர். ஷேக்ஸ்பியரையும் மில்டனையும்கூட விடாமல் அடிக்குறிப்புகளில் பிழை காட்டியவர். இந்த விதியின் தந்தை என்று பலரும் திட்டுவது அவரைத்தான். அவர் தடை எதுவும் போடவில்லை. நம் மொழி பெரிதும் சாய்ந்து நிற்கும் வழக்கம் இது, பேச்சுக்கும் எளிய எழுத்துக்கும் பொருந்தும், கம்பீர நடைக்கு முன்னால் வைப்பதே அழகு என்றார். சொன்னவர் அந்த வாக்கியத்தையே ‘டு’வைத் தொங்கவிட்டு எழுதினார் என்பதுதான் சுவை. ஒருவர் நடையழகு பற்றிச் சொன்ன ஆலோசனை, பின்னால் வந்த பள்ளிக்கூட நூல்களில் கட்டளையாக இறுகியது. நான் அந்தக் கட்டளையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பையனின் மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

இதற்கு அண்ணன் ஒன்று உண்டு. ‘டு கோ’ என்பதற்கு நடுவில் ‘போல்ட்லி’ என்ற சொல்லை நுழைத்து ‘டு போல்ட்லி கோ’ என்று எழுதுவது. 1966இல் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடரின் முகப்பு வாசகத்தில் வந்து உலகப் புகழ் பெற்றது. இதை எதிர்த்தவர்களில் பெயர் பெற்றவர் கான்டர்பரி தேவாலயத்தின் டீன் ஹென்றி ஆல்ஃபர்ட். 1864இல் வந்த அவருடைய நூலில், ஆங்கிலம் பேசுவோரும் எழுதுவோரும் அறியாத வழக்கம் இது என்றார். அறியாத வழக்கமா? 14ஆம் நூற்றாண்டில் ஜான் விக்லிஃப் இப்படி எழுதியிருக்கிறார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய எழுத்தில் இருப்பதை ‘யாரும் எழுதுவதில்லை’ என்று சொல்லித் தடுத்தார்கள்.

1926இல் ஆங்கில வழக்கு அகராதி எழுதிய எச். டபிள்யூ. ஃபௌலர் இந்த விஷயத்தில் உலகத்தை ஐந்தாகப் பிரித்தார். இது என்னவென்று தெரியாமல் கவலையும் படாதவர்கள், தெரியாமலேயே மிகவும் கவலைப்படுபவர்கள், தெரிந்து கண்டிப்பவர்கள், தெரிந்து ஏற்பவர்கள், தெரிந்து இடம் பார்த்துப் பயன்படுத்துபவர்கள். இவர்களில் முதல் வகையினரே பாக்கியசாலிகள் என்றார். நான் வெகுகாலம் இரண்டாம் வகையில் இருந்தேன். இந்த அரங்கிலும் எனக்குத் துணை இருக்கும் என்று நம்புகிறேன்.

அடுத்த வகைக்கு வருவோம். ஒரு காலத்தில் உண்மையாகவே வழு; பிறகு அமைந்துபோனவை. இங்கே புகார் சொன்னவர்கள் பெரிய ஆட்கள். ‘கல்லிவரின் பயணங்கள்’ எழுதிய ஜோனத்தன் ஸ்விஃப்ட், 1710இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் இளைஞர்கள் சொற்களை வெட்டிக் குறுக்குகிறார்கள் என்று பொரிந்து தள்ளினார். அவருக்கு ஆகாத சொற்களில் ஒன்று ‘மாப்’. ‘நிலையற்ற கூட்டம்’ என்ற பொருளுடைய ‘மோபிலே வல்கஸ்’ என்ற லத்தீன் தொடரின் தலையை மட்டும் வெட்டி எடுத்த சொல் அது. கிண்டலைக் குறிக்கும் ‘பேன்டர்’ என்ற சொல்லும் அவருக்கு ஆகாது. 1712இல், ஆங்கிலத்தைத் திருத்தி நிலைநிறுத்த ஒரு கழகம் வேண்டும் என்று அரசின் தலைமை அமைச்சராக விளங்கிய ராபர்ட் ஹார்லிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். கழகம் வரவில்லை. ‘மாப்’, ‘பேன்டர்’ இரண்டும் இன்று மரியாதையான சொற்கள். ஸ்விஃப்டின் மேதைமையை யாரும் மறுப்பதற்கில்லை. ஆனால் எந்தச் சொல் பிழைக்கும் எது சாகும் என்று ஜோசியம் சொல்ல அந்த மேதைமையும் போதவில்லை.

சொற்பொருளும் இப்படித்தான். நல்லது, இனியது என்று நாம் சொல்லும் ‘நைஸ்’, ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அதன் பொருள் ‘மடத்தனமான’ என்பது. ‘அறியாத’ என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. மணம் என்று பொருள்பட்ட ‘நாற்றம்’ நம் கண்முன் தலைகீழானதைப் பார்த்த நமக்கு இது புதுமையல்ல. அங்கே மேலேறியது, இங்கே கீழிறங்கியது.

இன்று மிகுந்த வசவு வாங்கும் சொல் ‘லிட்டரலி’. ‘சொல்லுக்குச் சொல் உண்மையாக’ என்பது அதன் பொருள். ‘ஐ லிட்டரலி டைட்’ என்று உயிரோடிருப்பவர் சொன்னால் இலக்கணக்காரர்களுக்கு உடம்பு பற்றி எரிகிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இந்தப் பொருளையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்ற செய்தி 2013இல் பரவியபோது, மொழியே அழிந்தது என்று ஒப்பாரி வைத்தார்கள். ஆனால் அதே அகராதி இதற்குக் காட்டும் பழைய சான்று 1769ஆம் ஆண்டின் ஒரு நாவலில் இருக்கிறது. எழுதியவர் ஃபிரான்சஸ் புரூக். ‘மிக’ என்பதற்கு நாம் சொல்லும் ‘வெரி’யே ‘உண்மையான’ என்ற பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான். ‘ரியலி’, ‘ட்ரூலி’ எல்லாம் அதே பாதையில் போனவை. ‘உண்மை’யைக் குறிக்கும் சொற்கள் மெல்ல மெல்ல ‘மிகுதி’யைக் குறிக்கத் தொடங்குகின்றன. “நெஜமாவே எனக்கு உயிரே போயிடுச்சு” என்று நம் வீட்டில் சொல்பவரிடம் யாரும் இறப்புச் சான்றிதழ் கேட்பதில்லை.

‘லெஸ்’, ‘ஃப்யூவர்’ சண்டை இன்னொன்று. எண்ண முடிந்தவற்றுக்கு ‘ஃப்யூவர்’, எண்ண முடியாதவற்றுக்கு ‘லெஸ்’ என்று நாம் கற்பிக்கிறோம். 9ஆம் நூற்றாண்டு அரசர் ஆல்ஃபிரடே எண்ணத்தக்க ‘சொற்களுக்கு’ இந்த ‘லெஸ்’ஸைப் பயன்படுத்தியிருக்கிறார். இந்த வேறுபாட்டை 1770இல் எழுதிய ராபர்ட் பேக்கர், ‘ஃப்யூவர்’ இருந்தால் நேர்த்தியாக இருக்கும் என்று தம் விருப்பமாகத்தான் சொன்னார். விருப்பம் வளர்ந்து விதியாயிற்று. கடைகளில் சாமான் குறைவாக வாங்கியவர்களுக்கான வரிசையில் ‘10 ஐட்டம்ஸ் ஆர் லெஸ்’ என்ற பலகைமீது ஏகப்பட்ட புகார். 2008இல் டெஸ்கோ நிறுவனம் இரண்டு சொல்லும் வேண்டாம் என்று ‘அப் டு 10 ஐட்டம்ஸ்’ என மாற்றிக்கொண்டது. வியாபாரிக்குத் தெரிந்த சமரசம் இலக்கணக்காரர்களுக்கு வாய்க்கவில்லை.

இந்த வகையில் எனக்கு மிகப் பிடித்தது ‘தே’. அவர்கள் என்று பன்மை சுட்டும் சொல். ‘யாரோ குடையை விட்டுவிட்டுப் போய்விட்டார்’ என்பதற்கு ‘சம்வன் லெஃப்ட் தேர் அம்பிரெல்லா’ என்கிறார்கள். ஒருவரைச் சுட்டப் பன்மை. இது இன்றைய நாகரிகத்தின் கோளாறு என்று நினைப்பவர்கள் உண்டு. 14ஆம் நூற்றாண்டு முதல் இருக்கிறது, ஷேக்ஸ்பியர் எழுதியிருக்கிறார், ஜேன் ஆஸ்டின் ஏராளமாக எழுதியிருக்கிறார். 18ஆம் நூற்றாண்டு இலக்கண நூல்கள்தான் இந்த இடத்தில் ‘ஹி’ என்று ஆண்பால் போடச் சொல்லின. அப்படிச் சொன்னவர்களில் ஆன் ஃபிஷர் என்ற பெண் ஆசிரியரும் ஒருவர். 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், சட்டங்களில் ஆண்பாற்சொல் பெண்ணையும் உள்ளடக்கும் என்று சட்டமே செய்தது.

இதற்கு முன்னால் இதே சண்டை ‘யூ’வுக்கு நடந்தது. ‘யூ’ முதலில் பன்மை. ஒருவரைச் சுட்ட ‘தௌ’ இருந்தது. மரியாதை கருதி ஒருவரையே ‘யூ’ என்று அழைக்கத் தொடங்கினார்கள். குவேக்கர் சமயத்தை நிறுவிய ஜார்ஜ் ஃபாக்ஸுக்கு இது பொறுக்கவில்லை. ஒருமையையும் பன்மையையும் ஆசிரியர்களுக்கே கற்றுத்தருவதாகச் சொல்லி 1660இல் தம் தோழர்களோடு சேர்ந்து ஒரு பெரிய புத்தகம் போட்டார். அவருடைய சீடர்கள் பெரிய மனிதர்களையும் ‘தௌ’ என்று அழைத்து அடியும் ஏச்சும் வாங்கினார்கள். இன்று நாம் ஒவ்வொருவரையும் ‘யூ’ என்கிறோம், யாருக்கும் உறுத்தவில்லை.

தமிழர்களுக்கு இது எதுவுமே விசித்திரம் இல்லை. ‘அவர்’ என்பது பலர்பால். அதை ஒருவருக்குச் சொல்கிறோம். தொல்காப்பியர் இதைக் கவனித்திருக்கிறார். ஒருவரைப் பன்மையால் சொல்வது உயர்த்திப் பேசும் வழக்கில் உள்ளது, ஆனால் இலக்கண நெறிப்படி வருவது அன்று எனக் கிளவியாக்கத்தில் எழுதிவைத்தார். வழக்கு இது, நெறி இது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், மறைக்கவுமில்லை, மிரட்டவுமில்லை. இன்று அவரையே நாம் ‘தொல்காப்பியர் சொன்னார்’ என்று பன்மையில்தான் சொல்கிறோம். வழு, அமைந்து, மரபாகவே ஆகிவிட்டது. அமெரிக்காவில் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி ‘தே’யை 2019ஆம் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தது. அவர்கள் இப்போது வந்து சேர்ந்த ஊரில் நாம் பல நூற்றாண்டுகளாகக் குடியிருக்கிறோம்.

மூன்றாவது வகை கொஞ்சம் கசப்பானது. இங்கே புகார் சொல்லைப் பற்றியதுபோல இருக்கும். உண்மையில் சொல்பவரைப் பற்றியது.

‘ஆஸ்க்’ என்பதை ‘ஆக்ஸ்’ என்று உச்சரிப்பவர்கள் உண்டு. அமெரிக்கக் கறுப்பினத்தவர் பலரிடமும் கரீபியன் வழி வந்தவர்களிடமும் கேட்கலாம். படிக்காதவன் பேச்சு என்று எள்ளி நகையாடுகிறார்கள். பழைய ஆங்கிலத்தில் இரண்டு வடிவமும் இருந்தன. கவிஞர் சாஸர் ‘ஆக்ஸ்’ வடிவத்தை எழுதினார். 1535இல் வந்த கவர்டேல் பைபிளிலும் அந்த வடிவம் இருக்கிறது. கவிஞரும் வேதமும் எழுதிய வடிவம், சொல்பவர் மாறியதும் கொச்சை ஆயிற்று. எழுத்து இடம் மாறுவதில் என்ன அதிசயம்? தசை நமக்குச் சதை ஆகிவிட்டது. விசிறி, சிவிறி ஆனது. நம் இலக்கணம் அதற்கு இலக்கணப் போலி என்று ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தது.

மேல்தட்டிலும் இந்த விளையாட்டு உண்டு. 1954இல் ஆலன் ராஸ் என்ற பேராசிரியர், ஆங்கில உயர்குடியினரும் மற்றவரும் எந்தெந்தச் சொல்லால் பிரிகிறார்கள் என்று ஃபின்லாந்தில் வெளியான ஓர் ஆய்விதழில் எழுதினார். மறு ஆண்டு நாவலாசிரியர் நான்சி மிட்ஃபோர்டு அதை எடுத்து ஒரு கட்டுரை எழுத, இங்கிலாந்தே பரபரத்தது. கை துடைக்கும் துணியை ‘நாப்கின்’ என்றால் உயர்குடி. ‘செர்வியட்’ என்றால் உயர்குடியாகத் துடிப்பவர். இரண்டுக்கும் பொருளில் துளி வேறுபாடு இல்லை. வேறுபாடெல்லாம் துடைக்கும் கையில்தான்.

இந்தியர்களாகிய நாம் இந்தக் கசப்பை நன்றாகச் சுவைத்தவர்கள். ‘டு த நீட்ஃபுல்’ என்று நாம் எழுதினால் லண்டன்காரர் சிரிக்கிறார். அவருடைய முப்பாட்டன், கம்பெனி அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிய ஆங்கிலம் அது. அங்கே மங்கியது, இங்கே தங்கியது. ‘கசின் பிரதர்’ என்பதைக் கண்டு நெற்றி சுருக்குகிறார்கள். பெரியப்பா மகனை அண்ணன் என்றே அழைத்து வளர்ந்தவனுக்கு வெறும் ‘கசின்’ எப்படிப் போதும்? அத்தை மகனுக்கும் அதே சொல்தான் என்றால் நம் குடும்பத்தில் கல்யாணப் பேச்சே குழம்பிப்போகும்! ‘டுடே ஒன்லி’ என்கிறோம். ‘இன்னைக்குத்தான்’ என்பதன் ‘தான்’ ஆங்கிலச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது. ‘போஸ்ட்போன்’ இருக்கும்போது ‘ப்ரீபோன்’ ஏன் கூடாது என்று நாம் கேட்டோம். ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இந்திய வழக்கு என்று குறித்து அதற்கு இடம் கொடுத்துவிட்டது. காரணம் இருக்கிறது, வழக்கு இருக்கிறது. இவை வழுவமைதிக்கு மனுப்போட்டுக் காத்திருப்பவை. ஆனாலும், வேலைக்கு விண்ணப்பம் எழுதும் மாணவனிடம், ‘இதைப் படிக்கப்போகிறவர் யார் என்று பார்த்து எழுது’ என்று சொல்லவேண்டியது நம் கடமை. ‘இது தப்பு’ என்று சொல்வதும், ‘இந்த இடத்துக்கு இது ஒவ்வாது’ என்று சொல்வதும் ஒன்றல்ல. மாப்பிள்ளை அழைப்புக்குக் கைலி கட்டிக்கொண்டு போகக் கூடாதுதான். அதற்காகக் கைலி குற்றம் ஆகிவிடாது.

அப்படியானால் வழு என்று எதுவுமே இல்லையா? இருக்கிறது ஐயா, இருக்கிறது. நான் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டுப் போக வரவில்லை.

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் லாரி ஓட்டுநர்கள், கூடுதல் நேர ஊதியம் கேட்டு வழக்குப் போட்டார்கள். உணவுப் பொருள்களைப் பதப்படுத்துவது, உறைய வைப்பது, சேமிப்பது என்று சில வேலைகளுக்குக் கூடுதல் ஊதியம் கிடையாது என்று அந்த மாநிலச் சட்டம் பட்டியல் போட்டிருந்தது. பட்டியலின் கடைசியில் ‘பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்’ என்று இருந்தது. ‘ஷிப்மென்ட்’டுக்குப் பிறகு காற்புள்ளி இல்லை. அனுப்புவதற்காகவோ விநியோகத்துக்காகவோ மூட்டை கட்டுவது என்ற ஒரே வேலையா? மூட்டை கட்டுவது ஒன்று, விநியோகிப்பது ஒன்று என இரண்டு வேலையா? ஓட்டுநர்கள் விநியோகிப்பவர்கள், மூட்டை கட்டுபவர்கள் அல்லர். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டம் இரண்டு பொருள் தருகிறது, எனவே தொழிலாளிக்குச் சாதகமான பொருளைக் கொள்கிறோம் என்றது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று. ஒரு காற்புள்ளியின் விலை! அந்தச் சட்டத்தை எழுதியவர் முன்னிடைச்சொல் கடைசியில் வராமல் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்திருக்கக்கூடும். பார்க்க வேண்டிய இடம் வேறாக இருந்தது. படிப்பவர் இரண்டு பொருள் கொள்ளும்படி எழுதுவதுதான் வழு. இதற்கு அமைதி கிடையாது.

வழுவுக்கும் வழுவமைதிக்கும் நடுவே ஊசலாடும் ஒன்று, ‘அப்பாஸ்ட்ரஃபி’ என்ற குறி. இங்கிலாந்தின் பாஸ்டன் என்ற ஊரில் ஓய்வு பெற்ற பத்திரிகையாளர் ஜான் ரிச்சர்ட்ஸ் 2001இல் இதைக் காப்பாற்ற ஒரு சங்கமே தொடங்கினார். காய்கறிக் கடைப் பலகைகளில் பன்மைக்கெல்லாம் இந்தக் குறியைப் போடுவதைக் கண்டு வந்த வேதனை. 2019இல், தம் 96ஆம் வயதில், அறியாமையும் சோம்பலும் வென்றுவிட்டன என்று சொல்லிச் சங்கத்தைக் கலைத்தார். பின்னர் வேறொருவர் அதற்கு உயிர் கொடுத்தார். இதற்கிடையே பர்மிங்காம் மாநகராட்சி 2009இல் தெருப் பலகைகளில் இந்தக் குறியே வேண்டாம் என்று முடிவெடுத்தது. தெருவில் யாரும் வழி தவறவில்லை. ஆனால் ‘இட்ஸ்’ என்ற சொல்லில் குறி இருந்தால் ‘அது ஆகும்’, இல்லாவிட்டால் ‘அதனுடைய’ என்று மாணவனுக்குச் சொல்லித்தரத்தான் வேண்டும். சொல்லித்தரும்போது, அந்த ‘அதனுடைய’ என்ற சொல்லே 1611ஆம் ஆண்டு பைபிளில் இல்லை, அவ்வளவு இளையது அது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விதிக்கும் வயது உண்டு என்று தெரிந்தவன் அதைப் பயந்து பின்பற்ற மாட்டான், புரிந்து பின்பற்றுவான்.

ஆக, கணக்கைக் கூட்டிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. மிகப் பெரிய கூச்சல் எழுந்ததெல்லாம் இல்லாத வழுவுக்கும் அமைந்துபோன வழுவுக்கும். காசும் காரியமும் கெட்ட இடத்தில் கூச்சலே இல்லை. தவறு இலக்கணத்தின்மேல் இல்லை. எதற்கு எவ்வளவு கோபப்படுவது என்ற அளவு தவறிவிட்டது.

எனக்கு இப்போது ஒரு பழக்கம். யாராவது எழுதியதில் ஏதாவது உறுத்தினால் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வேன். இதனால் பொருள் கெடுகிறதா? இந்த விதியைப் போட்டவர் யார், எதற்காகப் போட்டார்? இதையே ஒரு பெரிய எழுத்தாளர் எழுதியிருந்தால் எனக்கு உறுத்துமா? முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்றால் தயங்காமல் திருத்துவேன். மற்ற இரண்டில் மாட்டிக்கொண்டால் பேனாவை மூடிவிடுவேன்.

ஆசிரியப் பெருமக்களே, உங்களிடம் கேட்பது சிறியதுதான். நாளைக்கு விடைத்தாளில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போடும்போது, பக்கத்தில் காரணத்தையும் ஒரே ஒரு வரி எழுதுங்கள். ‘ரூல் அப்படி’ என்பதைக் காரணமாக எழுதாதீர்கள். காரணம் எழுத வரவில்லை என்றால், தயவுசெய்து அந்த வட்டத்தை அடித்துவிட்டு, பையனுக்கு அந்த ஒரு மதிப்பெண்ணைப் போட்டுவிடுங்கள்.